வந்தாறும் மடல்: ஏறாவூர்ப் பகுதியும் வெளியஞ்சல் ஏற்பின் வரலாறும்

மட்டக்களப்பு நகரிலிருந்து வடமேற்காகச் செல்லும் நெடுஞ்சாலையில் அடுத்தடுத்து வரும் சில ஊர்ப்பெயர்களைச் சேர்த்து நோக்குவார்க்கு ஒரு பழங்கதை புலப்படும். முக்குவர்க்கும் திமிலர்க்கும் இடையே நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் போரில் பகைவர் வீழ்த்தப்பட்ட இடம் சத்துருக்கொண்டான் என்றும், துரத்தப்பட்டோர் மீண்டும் ஏறிவாராதபடி காவல் வைக்கப்பட்ட இடம் ஏறாவூர் என்றும், துரத்திச் சென்றோர் வந்து இளைப்பாறிய இடம் வந்தாறுமூலை என்றும் செவிவழி மரபு விளக்கம் கூறும். இவ்விளக்கம் சொற்பிறப்பு நெறிக்கு எத்துணை பொருந்தும் என்பது வேறோர் ஆராய்ச்சிக்கு உரியது. ஆயின், வருவாரைத் தடுக்கும் காவலைக் குறித்த பெயரும், வந்தார் ஆறியிருக்கும் மூலையைக் குறித்த பெயரும் சிறு இடைவெளியில் அருகருகே நிற்பது கருதத்தக்கது. அஞ்சலின் வரலாறும் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வரலாறே.

அஞ்சல் வரலாற்றை எழுதினோர் பெரிதும் அனுப்புதலையே எழுதினர். முத்திரையின் தோற்றம், வண்டிகளின் வேகம், தந்திக் கம்பியின் நீளம் என அவர் கணக்கிட்டவை யாவும் புறப்பட்ட மடலைப் பற்றியன. சேர்தல் என்பது புறப்பாட்டின் இயல்பான முடிவு எனக் கொள்ளப்பட்டது. அஃது அவ்வாறன்று என்பதை மின்னஞ்சல் உலகில் அடிக்கடி நேரும் ஒரு பழுது தெளிவாகக் காட்டுகின்றது. ஓர் அலுவலகமோ கல்லூரியோ தனக்கென ஓர் அஞ்சல் வழங்கியை, அதாவது மடல்களை வாங்கி வைத்து உரியவர்க்குக் கொடுக்கும் கணினியை, நிறுவுகின்றது. உள்ளே ஒருவர் மற்றவர்க்கு எழுதுவது சேர்கின்றது. வெளியுலகுக்கு எழுதுவதும் போய்ச் சேர்கின்றது. வெளியிலிருந்து மட்டும் ஒரு மடலும் வருவதில்லை. பிழையறிவிப்பு எதுவும் தோன்றுவதில்லை. வழங்கி நலமாக இயங்குவது போலவே காணப்படும்.

பழகாதார் இதனைப் புதிராகக் கொள்வர். போவதும் வருவதும் ஒரே வழியின் இரு திசைகள் என்னும் எண்ணமே அப்புதிருக்குக் காரணம். உண்மையில் அவை இரு வேறு ஏற்பாடுகள். அனுப்புவார்க்கு வேண்டுவன ஒரு கணினியும் ஒரு வழியுமே. பெறுவார்க்கோ, தாம் இன்ன இடத்தில் உள்ளோம் என உலகறியப் பதிந்த பெயர் வேண்டும். திறந்திருக்கும் வாயில் வேண்டும். வந்ததைத் தமதென ஒப்பி உள்ளே விடும் காவல் வேண்டும். இவை வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு தேவைகளாற் பிறந்தவை. அவை பிறந்த முறையை அறிந்தவர் பழுதையும் அம்முறையிலேயே தேடிக் காண்பர்.

இத்தேவைகள் கணினியோடு தோன்றியன அல்ல. பிரித்தானியாவில் 1840ஆம் ஆண்டின் சீர்திருத்தத்துக்கு முன்னர் மடலுக்கான கட்டணத்தைப் பெறுபவரே செலுத்துவது பெருவழக்காயிருந்தது. காசில்லாதவர் வாயிலுக்கு வந்த மடலையும் திருப்பியனுப்ப நேர்ந்தது. முன்கூட்டிய கட்டணத்தின் அடையாளமான முத்திரை இலங்கையில் 1857இல் வெளியாயிற்று. ஆயினும், முத்திரை உள்நாட்டுச் சிக்கலையே தீர்த்தது. ஒரு நாட்டின் முத்திரையை மற்றொரு நாடு ஏன் மதிக்க வேண்டும்? வேற்று நாட்டு மடலைத் தன் செலவில் ஏன் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்? இவ்வினாக்களுக்கு நாடுகள் இரண்டிரண்டாக உடன்படிக்கை செய்துகொண்டு விடை கண்டன. உடன்படிக்கை இல்லாதவிடத்து மடலின் கதி வழியிலுள்ளோரின் விருப்பைப் பொறுத்தது.

1874இல் பேர்ண் நகரிற் கூடிய நாடுகள் அமைத்த ஒன்றியம் இந்நிலையை மாற்றியது. உறுப்பு நாடுகள் அனைத்தும் அஞ்சலைப் பொறுத்தமட்டில் ஒரே நிலப்பரப்பாகக் கொள்ளப்பட்டன. அனுப்பிய நாடு கட்டணத்தைத் தானே வைத்துக்கொள்ளும். பெற்ற நாடு வந்த மடலைக் கட்டணமின்றி உரியவரிடம் சேர்ப்பிக்கும். இலங்கை இவ்வொன்றியத்தில் 1877இல் இணைந்தது. அன்று தொட்டு, இலங்கையின் கீழ்கரையில் வாழும் ஒருவர்க்கு எந்த உறுப்பு நாட்டிலிருந்து மடல் வரினும் அதனை ஏற்றுச் சேர்ப்பித்தல் இலங்கை அஞ்சல் துறையின் கடனாயிற்று. போகும் மடலும் வரும் மடலும் ஏறக்குறையச் சமமாயிருக்கும் என்னும் நம்பிக்கையின் மீது எழுந்த ஏற்பாடு இது. அந்நம்பிக்கை பொய்த்தமையால், மிகுதியாக மடல் பெறும் நாடுகளுக்கு இழப்பீடு வழங்கும் முறை 1969ஆம் ஆண்டுத் தோக்கியோ மாநாட்டில் ஒப்பப்பட்டு 1971இல் நடைமுறைக்கு வந்தது. ஏற்றலுக்கும் ஒரு செலவு உண்டு என்பதை உலகு ஒப்புக்கொள்ள ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு சென்றது.

உடன்படிக்கை தாளில் உள்ளது. மடலோ நிலத்தின்மீது வரவேண்டும். கொழும்பிலிருந்து நோக்கின் மட்டக்களப்புத் தேசம் தீவின் மறுகரை. இடையில் மலைநாடும் வன்காடும் கிடந்தன. வடகீழ்ப் பருவமழை தொடங்கியதும் ஆறுகள் பெருகித் தாழ்நிலச் சாலைகளை மூடும். மாகோவிற் பிரிந்து கல்லோயா, பொலநறுவை வழியாகக் கிழக்கு நோக்கி வந்த இருப்புப்பாதை 1928இல் மட்டக்களப்பை எட்டிய பின்னரே கொழும்பு அஞ்சல் ஓரிரவுப் பயணமாயிற்று. அப்பாதை வந்தாறுமூலையையும் ஏறாவூரையும் தொட்டே நகருக்குள் நுழைகின்றது. ஆயினும் அவ்வொற்றைப் பாதையில் வந்த வாய்ப்பு ஒற்றைப் பாதையின் நலிவையும் உடன் கொண்டுவந்தது. 1978 நவம்பர் 23, 24ஆம் நாள்களில் வீசிய சூறாவளி மட்டக்களப்பு மாவட்டத்தைச் சிதைத்தபோது போக்குவரத்தும் தொடர்புகளும் ஒருங்கே அறுந்தன. பின்னர்ப் போர்க்காலத்தில் புகையிரதம் பலமுறை நின்றது.

1970களின் பிற்பகுதியிலிருந்து இப்பகுதிக்கு வந்த வெளியஞ்சலின் இயல்பே மாறியது. வளைகுடா நாடுகளுக்குத் தொழில் தேடிச் சென்றோரின் மடல்களும் வங்கி உண்டியல்களும், சில வேளைகளில் எழுதப் படிக்க அறியாதவர் தம் குரலைப் பதிந்தனுப்பிய ஒலிநாடாக்களும் வீடுகளுக்கு வந்தன. ஊருக்கு வரும் மடலின் நிலை இவ்வாறிருக்க, ஊரிலிருந்து அங்கு செல்லும் மடலின் நிலை வேறு. அந்நாடுகளில் அஞ்சற்காரர் வீடுதோறும் சென்று மடல் கொடுக்கும் வழக்கம் அந்நாளில் பெரிதும் இருக்கவில்லை. அஞ்சற் பெட்டி இலக்கமே முகவரியாயிருந்தது. வீட்டுப் பணிக்குச் சென்ற பெண்ணுக்குத் தனிப் பெட்டி ஏது? தொழில் கொள்பவரின் பெட்டி இலக்கமே அவளது முகவரியாயிற்று. அவர் திறந்து எடுத்துக் கொடுத்தாற்றான் தாய் எழுதிய மடல் மகளுக்கு உண்டு. மடல் நாடு கடந்து, கடல் கடந்து, உரிய பெட்டியிலும் சேர்ந்த பின்னரும் உரியவரிடம் சேராதிருத்தல் கூடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. பெயர் உண்டு, வழி உண்டு, ஏற்பார் ஒப்புதல் மட்டும் இல்லை.

1990ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் இவ்வரலாற்றில் தனித்து நோக்கற்பாலது. அம்மாதம் 2ஆம் நாள் ஈராக்கியப் படை குவைத்துக்குள் புகுந்தது. அங்கு அப்போது ஏறத்தாழ ஓர் இலட்சம் இலங்கையர் இருந்தனர் என மதிக்கப்பட்டது. அவர்க்கும் ஊரிலுள்ளோர்க்கும் இடையிலான அஞ்சல் நின்றது. மறுநாள் காத்தான்குடியிற் பள்ளிவாசல்களில் தொழுகையிலிருந்தோர் கொல்லப்பட்டனர். 11ஆம் நாள் இரவும் 12ஆம் நாள் அதிகாலையும் ஏறாவூரில் நூற்றுக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள், பெண்களும் குழந்தைகளும் உட்பட, கொலையுண்டனர்; விடுதலைப் புலிகளின் செயலாகவே இது பரவலாகப் பதிவுபெற்றுள்ளது. அடுத்த மாதம் 5ஆம் நாள் வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் அடைக்கலம் புகுந்திருந்த தமிழருள் 158 பேர் இராணுவத்தினராற் கொண்டு செல்லப்பட்டனர், அவர் திரும்பவில்லை. 9ஆம் நாள் சத்துருக்கொண்டானிலும் அயல் ஊர்களிலும் தமிழர் பெருந்தொகையாகக் கொல்லப்பட்டனர். பழங்கதையில் ஒன்றாக வரும் மூன்று ஊர்களும் ஒரே மாத இடைவெளியில் மீண்டும் ஒன்றாகச் சொல்லப்படலாயின.

குவைத்திலிருந்தவர் ஊரில் யார் உயிருடன் உள்ளார் என அறியார். ஊரிலிருந்தவர் குவைத்திலுள்ளார் நிலை அறியார். மடல் வராமையின் பொருள் யாது என்பதை அத்தகைய நாள்களே உணர்த்தும். எழுதப்படாததால் வரவில்லையா? எழுதப்பட்டும் வழியில் நின்றதா? பெறவேண்டியவரால் இதனை அறிய இயலாது. தடுக்கப்பட்ட மடலுக்குச் சான்று, திருப்பப்பட்ட உறையைக் கையில் வைத்திருக்கும் அனுப்புநரிடமே உண்டு. மின்னஞ்சற் பழுதைத் தேடுவோர்க்கும் இதுவே முதற் பாடமாகும். அதன் பயன் பின்னர் விளக்கப்படும்.

அதே ஆகஸ்டு 15ஆம் நாள், ஏறாவூரில் இறந்தோரை அடக்கி மூன்று நாள்கள் கழியுமுன், உலகக் கணினி வலையின் பெயர்ப் பதிவேட்டில் இலங்கைக்குரிய ‘எல்கே’ என்னும் ஈரெழுத்துப் பெயர் சேர்க்கப்பட்டது. இந்தியாவுக்குரிய பெயர் அதற்கு முந்திய ஆண்டு பதியப்பட்டிருந்தது. இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லை. காலம் மட்டுமே அவற்றை அருகருகே வைத்தது. மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் அபய இந்துருவ 1989இல் கல்வி ஆராய்ச்சி நிறுவனங்களுக்கான ஒரு கணினி வலையை முன்மொழிந்திருந்தார். ‘லேர்ன்’ எனப் பெயர்பெற்ற அவ்வலையின் முதற் பணி மின்னஞ்சலே. அமெரிக்காவிலிருந்த இலங்கைக் கல்வியாளரின் ‘லாக்நெட்’ என்னும் அமைப்பும் இத்தொடர்புக்குத் துணைநின்றது. 1981இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்த வந்தாறுமூலை வளாகமோ, பல்கலைக்கழகங்கள் வெளியுலகின் மின்மடலை ஏற்க ஆயத்தமான அக்காலத்தில், அகதி முகாமாயிருந்தது.

அக்காலத்து இலங்கைக்கு உலக வலையோடு இடையறாத இணைப்பு இல்லை. 1995இலேயே பொதுமக்களுக்கான இணையச் சேவை தொடங்கிற்று. அதற்கு முந்திய ஆண்டுகளில், இலங்கையைப் போன்ற நாடுகள் தொலைபேசி வழியாக வேண்டும்போது அழைத்து, சேர்ந்திருந்த மடல்களை ஒரு கட்டாகப் பெற்றுக்கொண்டன. எப்போதும் விழித்திராத ஒரு நாட்டின் பெயருக்கு எப்போதும் மடல் வரலாம் என்னும் ஏற்பாடு எவ்வாறு அமைந்தது? இங்கேதான் பெயரின் வரலாறு நோக்கப்பட வேண்டும்.

1971இல் ரே டொம்லின்சன் ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்கு மடல் அனுப்ப வழி கண்டபோது, ஆளின் பெயர், கணினியின் பெயர் என இரண்டே போதுமாயிருந்தன. வலையிலிருந்த கணினிகளின் பட்டியல் கலிபோர்னியாவிலுள்ள ஒரு நிறுவனத்தில் ஒரே கோப்பாகப் பேணப்பட்டது. வேண்டுவோர் அதனைப் படியெடுத்துக்கொண்டனர். அவ்வலைக்கு வெளியே, தொலைபேசியால் ஒன்றையொன்று அழைத்துக்கொண்ட கணினிகளிடையே நிலைமை கடினமானது. அங்கு முகவரி என்பது வழியே. மடல் எந்தக் கணினியிலிருந்து எந்தக் கணினிக்குத் தாவிச் செல்லவேண்டும் என்பதை எழுதுபவரே வியப்புக்குறிகளால் இணைத்து எழுதவேண்டும். உறையின் மேல் ‘கொழும்பு வழி, மாகோ வழி, பொலநறுவை வழி, ஏறாவூர்’ என அனுப்புநரே வழியைக் குறித்தல் போல்வது அது. இடையில் ஒரு நிலையம் மூடப்பட்டால் மடல் அங்கேயே முடங்கும். பெறுநர்க்கு ஒன்றும் தெரியாது.

1983இல் போல் மொக்கபெட்ரிஸ் வகுத்த பெயர் முறை, ஒற்றைப் பட்டியலை ஒழித்து, ஒவ்வோர் ஆள்களமும் தன் பெயர்களைத் தானே உலகுக்கு அறிவிக்கும்படி செய்தது. 1986 சனவரியில் கிரெய்க் பாட்ரிட்ஜ் அதனோடு மடலுக்குரிய தனிப் பதிவை இணைத்தார். ‘அஞ்சற் பரிமாற்றப் பதிவு’ என்று சொல்லத்தக்க இது, ஒரு பெயருக்கு வரும் மடலை எக்கணினியிடம் ஒப்படைக்க வேண்டும் என்பதைக் கூறும். அப்பெயருக்கு உரியவரும் மடலை வாங்குபவரும் ஒருவராயிருக்க வேண்டியதில்லை. வலையோடு இடையறாத இணைப்பில்லாத ஒரு நிறுவனம், இணைப்புள்ள மற்றொரு நாட்டுக் கணினியைத் தன் வாங்குநராகப் பதியலாம். அது மடல்களை ஏற்று வைத்திருந்து, அழைப்பு வரும்போது கொடுத்துவிடும். வறிய நாடுகள் உலக அஞ்சலிற் சேர்ந்தமைக்கு இச்சிறு பதிவு செய்த உதவி பெரிது. எளிய தேவைக்காக எழுந்த ஏற்பாடுகளுள் இத்துணைப் பயன் விளைத்தவை சிலவே.

வெளி மடல் வாராத வழங்கியின் பழுதும் பெரும்பாலும் இங்கேயே கிடக்கும். பதிவு இல்லாதிருக்கலாம். இல்லாதபோது மடல் உடனே திரும்பிவிடும் என எண்ணுதல் பிழை. அனுப்பும் கணினி அப்பெயருக்குரிய பொது முகவரியையே வாங்குநராகக் கொண்டு அங்கே செல்லும். அம்முகவரியில் வலைத்தளம் மட்டும் இருப்பின் வாயில் திறவாது. பதிவு பழையதாயிருக்கலாம், வழங்கியை மாற்றியவர் பதிவை மாற்ற மறந்திருப்பர். பதிவு புதிதாயினும், பழைய விடையை நினைவில் வைத்துக்கொள்ளும் கணினிகள் குறித்த காலம் தீரும்வரை பழைய இடத்துக்கே மடலைக் கொண்டுசெல்லும். இன்னொரு பழுது தமிழ் கற்றோர்க்கு நகை தருவது. பெயர்க் கோப்பில் முழுப்பெயரின் இறுதியில் ஒரு புள்ளி இடப்பட வேண்டும். அதனை விட்டுவிடின், முழுமையான பெயரின் பின்னே ஆள்களப் பெயர் இன்னொரு முறை ஒட்டிக்கொள்ள, உலகில் இல்லாத ஓரிடத்துக்கு மடல்கள் அனுப்பப்படும். புள்ளியிடாத ஓலைச் சுவடிகளோடு மல்லாடிய தாமோதரம்பிள்ளை போன்ற பதிப்பாசிரியர் இவ்விடர்ப்பாட்டை நன்குணர்ந்திருப்பர்.

பெயர் சரியாயின், அடுத்து நோக்கவேண்டுவது வாயில். 1982 ஆகஸ்டில் ஜொன் பொஸ்டல் வெளியிட்ட அஞ்சல் நெறிமுறையின்படி, வழங்கி 25ஆம் இலக்க வாயிலில் எந்நேரமும் செவிசாய்த்திருக்கும். வருபவர் தம் பெயரைச் சொல்வார். அனுப்புநர் யார், பெறுநர் யார் எனக் கூறுவார். ஒவ்வொரு கூற்றுக்கும் வழங்கி மூவிலக்க எண்ணால் விடையிறுக்கும். 220 என்பது வரவேற்பு, 250 என்பது இசைவு. இரண்டில் தொடங்குவது ஏற்பு, நான்கில் தொடங்குவது ‘பின்னர் வருக’, ஐந்தில் தொடங்குவது மறுப்பு. அனுப்புவதில் கண்டிப்பும் ஏற்பதில் தாராளமும் வேண்டும் என்பது பொஸ்டல் வலியுறுத்திய நெறி. அந்நாளைய வலை அந்நெறியில் நின்றது. வந்தவர் யாவராயினும் வாயில் திறந்தது. தனக்குரியதல்லாத மடலாயினும் வாங்கி உரிய இடத்துக்கு அனுப்பிவைப்பதே நல்ல அயலாரின் கடமை எனக் கருதப்பட்டது.

அத்தாராளம் நீடிக்கவில்லை. 1988 நவம்பர் 2ஆம் நாள் கோர்னெல் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் விடுத்த தற்பெருக்க நிரலி, எரிக் ஓல்மன் ஆக்கிய ‘செண்ட்மெயில்’ என்னும் அஞ்சல் மென்பொருளில் இருந்த ஓட்டையையும் ஒரு வழியாகக் கொண்டு ஆயிரக்கணக்கான கணினிகளை முடக்கியது. அஞ்சலுக்கென எப்போதும் திறந்திருந்த வாயிலே பகைவர்க்கும் வழியாயிற்று. அதன்பின் தீச்சுவர்கள் எழுந்தன. 1996இல் தனிமுகவரி வரம்புகள் இறுதியாக வகுக்கப்பட்டதும், பல நிறுவனங்களின் கணினிகள் வெளியுலகுக்குத் தெரியாத உள்முகவரிகளின் பின்னே மறைந்தன. உள்ளிருந்து வெளியே போகலாம், வெளியிலிருந்து உள்ளே வர வழிகாட்டி வேண்டும். நாளடைவில் அஞ்சல் மென்பொருளும் முதலில் நிறுவும்போது தன் கணினிக்குள் எழும் குரலுக்கு மட்டுமே செவிசாய்க்கும்படி வெளிவரலாயிற்று. இணையச் சேவை நிறுவனங்கள் சிலவும் வீட்டு இணைப்புகளில் 25ஆம் வாயிலை அடைத்துவிட்டன. ஏறாவூர் என்னும் பெயருக்கு மரபு கூறும் விளக்கம் வலையிலும் உண்மையாயிற்று எனலாம்.

இதனால் விளைந்த ஒரு மயக்கம் குறிப்பிடத்தக்கது. பழுது பார்ப்பவர் வழங்கியின் முன் அமர்ந்து அதன் 25ஆம் வாயிலைத் தட்டுகின்றார், வரவேற்பு வருகின்றது, வாயில் திறந்தேயுள்ளது எனத் தீர்மானிக்கின்றார். வீட்டுக்குள் நின்று கதவைத் தட்டியவர்க்குக் கிடைத்த விடை அது. தெருவில் நிற்பவர்க்கு என்ன விடை கிடைக்கும் என்பதைத் தெருவில் நின்றே அறிதல் வேண்டும். வேறொரு இணைப்பிலிருந்து, முற்றிலும் வெளியாரான ஒரு கணினியைக் கொண்டு செய்யும் சோதனையே சோதனையாகும்.

காவல் கடைசியிற் பிறந்தது. பிறர் வழங்கிகளின் தாராளத்தைப் பயன்படுத்தி இலட்சக்கணக்கிற் குப்பை மடல்களை அனுப்புவோர் 1990களிற் பெருகினர். அஞ்சலுக்கு மீண்டும் ஏற்றற் செலவுச் சிக்கல் எழுந்தது. இம்முறை இழப்பீடு தர எந்த ஒன்றியமும் இல்லை. 1998இல் வெளியான செண்ட்மெயிலின் 8.9 பதிப்பு, தனக்குரியதல்லாத மடலை ஏற்று அனுப்புவதைத் தொடக்கத்திலேயே மறுக்கும்படி அமைந்தது. பிற மென்பொருள்களும் அவ்வழியிற் சென்றன. அன்று முதல் ஒவ்வொரு வழங்கிக்கும் ‘எப்பெயர்கள் என்னுடையவை’ என்னும் பட்டியல் இன்றியமையாததாயிற்று. அப்பட்டியலில் தன் ஆள்களப் பெயரைச் சேர்க்க மறந்த வழங்கி, தன் வீட்டு மடலையே பிறர் மடல் எனக் கருதி 550 என மறுக்கும். அதுவே வெளியே அனுப்புவதை எவ்விதத் தடையுமின்றிச் செய்யும். ஏனெனில் உள்ளிருப்போரை அது நம்புகின்றது. பெயர், வழி, வாயில் யாவும் பழுதின்றியிருந்தும் மடல் வாராமைக்கு இத்தவறு காரணமாதல் மிகப் பொதுவானது. வளைகுடாப் பெட்டிக்குச் சேர்ந்த பின்னும் மகளிடம் சேராத மடலோடு இது ஒப்பிடத்தக்கது. ஆயின் இங்குக் காவலன் செய்வது அறியாமையால்.

இனி, சான்று எங்கே கிடைக்கும் என்பது. வழங்கி தன்னிடம் வந்தவர் யாவர், என்ன விடை பெற்றனர் என்பதை நாளேட்டிற் பதிந்துகொள்ளும். வெளியிலிருந்து ஒருவரை மடல் அனுப்பச் செய்து அவ்வேட்டை நோக்கின், பழுது வாயிலுக்கு வெளியிலா உள்ளேயா என்பது ஒரே பார்வையில் விளங்கும். ஏட்டில் ஒரு வரியும் இல்லையேல் வந்தவர் வாயிலையே அடையவில்லை. பெயரையும் வழியையும் ஆராய வேண்டும். வரி உண்டு, மறுப்பும் உண்டு எனின் காவலின் கட்டளைகளை ஆராய வேண்டும். ஏட்டில் ஒன்றும் இல்லாதவிடத்து அனுப்பியவரிடமே கேட்டல் வேண்டும். திரும்பிய மடலில் மறுப்பின் எண்ணும் காரணமும் எழுதப்பட்டிருக்கும். உடனே திரும்புவதும் இல்லை. வாயில் திறவாதபோது அனுப்பும் வழங்கி மடலைத் தன்னிடம் வைத்து மீண்டும் மீண்டும் முயலும். நான்கைந்து நாள்களேனும் முயலவேண்டும் என 1989ஆம் ஆண்டு விதி கூறுகின்றது. அந்நாள்களுக்குள் பழுது நீங்குமாயின் காத்திருந்த மடல்கள் யாவும் வந்து சேரும். வெள்ளம் வடியும்வரை கிழக்கு அஞ்சலைக் கட்டி வைத்திருந்த கால அஞ்சலகங்களின் பொறுமை இவ்விதியில் எஞ்சியுள்ளது.

2003ஆம் ஆண்டின் தகவல் தொழினுட்பச் சட்டத்தின் பின் நாடெங்கும் ‘நெனசல’ என்னும் அறிவகங்கள் திறக்கப்பட்டன. பின்னர்க் கைத்தொலைபேசி பரவியதும், ஏறாவூரிலும் வளைகுடாவிலும் உள்ளோர் பேச மடலையே வேண்டாராயினர். ஆயினும் பல்கலைக்கழக அனுமதி, வேலைவாய்ப்பு, வீசா, வழக்கு என முறைப்படி அறிவிக்கப்படுவன இன்றும் மின்மடலாகவே வருகின்றன. அவை வாராதொழிந்தால் நாள் கடந்துபோகும். நாள் கடந்தமையை அறிவிக்கும் மடலும் வாராது.

2010இல் தமிழ் எழுத்தில் ‘.இலங்கை’ என்னும் உயர்நிலை ஆள்களப் பெயரும், சிங்கள எழுத்தில் அதன் இணையும் உலகப் பெயரேட்டிற் சேர்ந்தன. ஏறாவூர் என்னும் சொல்லை ஆங்கில எழுத்துகளுக்குள் திணிக்காமல் அவ்வாறே முகவரியாக எழுதுவதற்கு உரிமை பிறந்தது. ஆள்களப் பெயரை மட்டும் மறைகுறியீடாக மாற்றிப் பழைய நெறிமுறையிலேயே அனுப்பிவிடலாம். ஆளின் பெயரும் தமிழாயின் அது போதாது. அதற்கான புதிய நெறி 2012 பெப்ரவரியில் வெளியாயிற்று. கூகுளின் மின்னஞ்சற் சேவை 2014 ஆகஸ்டில் அத்தகைய முகவரிகளோடு மடல் பரிமாறத் தொடங்கியது. ஆயின் இந்நெறியின்படி, தமிழ் முகவரியை ஏற்க வல்ல வழங்கி தனது முதல் வரவேற்பை அடுத்து வரும் திறன் பட்டியலில் அதனை வெளிப்படக் கூறவேண்டும். கூறாதவிடத்து அனுப்பும் வழங்கி மடலை ஒப்படைக்காது, எழுதியவரிடமே திருப்பிவிடும். பெயர்ப் பதிவு சரியாக உள்ளது, 25ஆம் வாயிலும் திறந்துள்ளது, ஆங்கில எழுத்து முகவரிக்கு வரும் மடல்கள் தடையின்றி வருகின்றன, தமிழ் முகவரிக்கு வருவன மட்டும் வருவதில்லை எனில், நோக்கவேண்டிய இடம் அத்திறன் பட்டியலே. வழங்கியின் நாளேட்டிலோ, வந்தவர் வணங்கி விடைபெற்றுச் சென்றார் என்பதற்கு மேல் ஒன்றும் எழுதப்பட்டிராது.